பக்கத்து வீட்டுப் பியானோக்காரர்

1

இந்த மாதம் எங்கள் கலியாண நாள் வந்தது. ஊரில், சாய்ந்தமருதில் இருந்தவரை அப்படியொரு நாள் இருப்பதாக நானோ என் மனைவி நிஹாறாவோ நினைத்துப் பார்த்ததில்லை. கலியாணம் நடந்தது, சோறு தின்றோம், அவ்வளவுதான். கடல் தாண்டி லெஸ்டருக்கு வந்து மகள் ஹனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குப் பிறந்தநாள், கலியாண நாள் எல்லாம் முளைத்தன. தகப்பன்மாருக்கென்றுகூட ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு எனக்குக் காலுறை கிடைக்கும்.

"உம்மா, இந்த முற ஒங்களுக்கு என்ன வேணும்? டாட் வாங்கித் தருவார்" என்று ஹனா கேட்டாள். வாப்பா என்ற சொல் அவள் வாயிலிருந்து எந்த பஸ் தரிப்பில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியாது. உம்மா மட்டும் உம்மாவாகவே இருக்கிறாள். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நிஹாறா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு மோதிரம் கேட்பாள், அல்லது ஊருக்குப் போக டிக்கெட் கேட்பாள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குழாயைப் பூட்டிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒண்டும் வேணாம். பக்கத்து வீட்டு ஆள் பியானோ வாசிக்கிறத ஒருக்கா முன்னுக்கு இருந்து கேக்கணும்."

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, இந்தக் குறிப்பு முழுக்க அந்த எரிச்சலைப் பற்றியதுதான். நான் பஸ் ஓட்டுகிறவன், தலைமயிர் இன்னும் இருக்கிறது, முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். பக்கத்து வீட்டு ஆர்தருக்கு எண்பது தாண்டிவிட்டது. குப்பை வாளியை வாசலுக்கு இழுத்துவரவே இடையில் ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிற மனிதர். அவர்மேல் பொறாமைப்பட ஒரு நியாயமும் கிடையாது. நியாயம் பார்த்தா பொறாமை வருகிறது?

2

இங்கே எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் குசினிச் சுவரும் ஆர்தரின் பியானோ அறைச் சுவரும் ஒன்றே. அவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் மிளகாய் தாளித்தால் அவர் தும்முவார்.

நான் விடியப்புற வேலைக்குப் போய் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வருவேன். நிஹாறா தேத்தண்ணி ஊற்றித் தருவாள். சுவரோரமாகக் கிடக்கும் மேசையில் இருந்து நான் குடிப்பேன், அவள் கதைப்பாள். காலையிலிருந்து நடந்ததெல்லாம் வரும். கடையில் வெண்டிக்காய் முற்றல், ஊரிலிருந்து அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா, கோல் எடுத்தா, பள்ளிவாசலுக்கு முன்னால் ஒருவர் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே செய்தி பார்ப்பேன்.

கதை ஓய்ந்து, நான் வாயைத் திறந்து எனக்கு அன்றைக்கு நடந்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிற அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ தொடங்கும். எந்த நாளும் அப்படித்தான். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பியானோ தொடங்கியதும் நிஹாறா நின்றுவிடுவாள். கையில் துணி இருந்தால் துணியோடு, அகப்பை இருந்தால் அகப்பையோடு. அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் நான், "இஞ்ச புள்ள, இண்டைக்கு என்ட பஸ்ஸில ஒருத்தன்..." என்று தொடங்கினேன்.

"ஷ்ஷ்" என்றாள்.

அவள் என்னைப் பார்த்து ஷ்ஷ் சொன்னது கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அதுதான் முதல்தரம். அவளுடைய கண் கலங்கியிருந்தது. என் கதையைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள், கோபப்பட்டிருக்கிறாள், கொட்டாவி விட்டிருக்கிறாள். கண் மட்டும் கலங்கியதில்லை.

3

ஆர்தர் நன்றாக வாசிக்கிறாரா என்று ஹனாவிடம் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் கீபோர்ட் பழகிச் சோதனையெல்லாம் பாஸ் பண்ணியவள். இல்லை என்று சொல்வாள் என்று ஆசையாக இருந்தது.

"டாட், அவர்ட டைமிங் சரியில்ல" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. "ரெண்டு கையும் ஒண்டா விழணும். அவருக்கு இடது கை முதல்ல விழுது, வலது கை பிறகு வருது. மூணு நாலு கட்டைய ஒண்டா அடிக்கிற இடத்தில கீழயிருந்து மேல உருட்டி உருட்டி அடிக்கிறார். பாட்டு ஏறுற இடத்தில நினைச்சபடி நிப்பாட்டுறார். இதெல்லாம் ரொம்பப் பழைய ஸ்டைல். இப்ப இப்படி வாசிச்சா மார்க்ஸ் வெட்டுவாங்க."

நான் உடனே குசினிக்குப் போய் இந்தத் தீர்ப்பை நிஹாறாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தாளுக்கு நேரம் தெரியாதாம், மார்க்ஸ் வெட்டுவார்களாம்.

அவள் அசரவில்லை. "அது எனக்கும் விளங்குது" என்றாள். "ஒரு கை முன்னுக்குப் போய் நிண்டுக்கும். மத்தக் கை சுணங்கித்தான் வரும். வருமோ வராதோ எண்டு நமக்குப் பதறும். மறுகா வந்து சேரும். அந்தச் சுணக்கம்தான் வடிவு."

நான் வீட்டுக்குப் பிந்தி வரும்போதெல்லாம் சுணக்கம் என்ற சொல்லை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் சுணங்கின, இனியும் சுணங்கினா சோறு ஆறிப்போகும், சுணங்குறெண்டா ஒரு கோல் எடுக்கத் தெரியாதா? என் சுணக்கத்தில் அவள் ஒருநாளும் அழகோ வடிவோ கண்டதில்லை. அந்த மனிதர் அரைக் கணம் சுணங்கினால் கண் கலங்குகிறாள்.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. ஊரில் நான் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டினேன். யாராவது ஒழுங்கைக்குள்ளிருந்து கையைக் காட்டினால் நிற்போம். "காக்கா, பொறுங்க, ஒரு உம்மா ஓடி வாறா!" என்று கொண்டக்டர் பொடியன் பின்னாலிருந்து கத்துவான்; எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். நான் பொறுப்பேன். அவ மூச்சு வாங்க ஏறி, கம்பியைப் பிடித்து, "அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுளத் தரணும் மகன்" என்று சொன்ன பிறகுதான் கால் கிளச்சிலிருந்து எழும்பும். சாய்ந்தமருதில் காய்கறிக் கூடையோடு நிற்பவர்களுக்கும் அப்படித்தான். ஒலுவிலில் மீன் பெட்டி ஏற்றவும் அப்படித்தான்.

லெஸ்டரில் என் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. சுணங்கினால் அது சிவப்பாகும். ஒரு கிழவி கைத்தடியோடு தரிப்புக்குப் பத்தடி தள்ளி வருவதைக் கண்ணாடியில் கண்டுகொண்டே கதவைப் பூட்டியிருக்கிறேன். நான் பொறுக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பொறுக்கத் தெரிந்தவனைப் பொறுக்க விடாமல் கட்டிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒருவர் பொறுத்துப் பொறுத்து வாசித்து என் மனைவியின் கண்ணீரை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

4

பெருநாளைக்கு நிஹாறா தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தாள். முதல் துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும். இந்த முறை முதல் துண்டு வேலிக்கு மேலால் ஆர்தரிடம் போனது.

அடுத்த நாள் இடைவேளையில் நான் பஸ்ஸுக்குள் இருந்தே கவுன்சிலுக்குக் கோல் எடுத்தேன். சத்தத் தொல்லைக்கென்று அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. இசை போட்டுக் காக்கவைத்தார்கள், அதுவும் பியானோ. பிறகு ஒரு பிள்ளை பேசினாள், பண்பான குரல்.

"இரவு பதினொரு மணிக்குப் பிறகா சத்தம் வருகிறது?"

"இல்லை, பின்னேரம்."

"பல மணி நேரம் தொடர்ந்து வருமா?"

"இல்லை, கொஞ்ச நேரம்தான்."

"மிகவும் உரத்த சத்தமா?"

"இல்லை. மெதுவாகத்தான். கிட்டப் போய்க் காதை வைத்தால்தான் முழுக்கக் கேட்கும்."

"அப்படியென்றால், ஐயா, உங்களுக்கு இதிலுள்ள தொல்லை என்ன?" என்று கேட்டாள்.

என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை என்று சொன்னால் எந்தப் பெட்டியில் சரி போடுவாள்? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

5

கலியாண நாளுக்கு மூவருமாக ஆர்தர் வீட்டுக்குப் போனோம். ஹனாதான் கேட்டு ஒழுங்கு பண்ணினாள். அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் சாதாரணச் சேர்ட்டோடு போயிருந்தேன்.

அவர் வீடு எங்கள் வீடுதான், இடம் வலம் மாறிய எங்கள் வீடு. பியானோ எங்கள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்றது. நான் அன்றாடம் தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கும் அவர் விரலுக்கும் இடையில் ஒரு செங்கல் கனம்தான்.

"திருமதி நிஹாறா" என்று அவர் வரவேற்றார். றா-வை நீட்டி, ஒரு எழுத்தும் குறையாமல். அவளுடைய மருத்துவர் இன்னும் நினா என்கிறார், ஹனாவின் பள்ளிக்கூடத்தில் நெஹ்ரா என்றார்கள். இந்த ஆள் அந்தப் பெயரைப் பழகியிருக்கிறார்.

வாசித்தார். குறை சொல்லத்தான் போனேன். ஆனாலும் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கை காலைப் பார்க்கத் தெரியும். இடது கை போய் அடிச் சத்தத்தை வைத்துவிட்டு அசையாமல் இருந்தது. வலது கையின் விரல் கட்டைக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. யாரோ ஒழுங்கைக்குள்ளிருந்து ஓடிவருகிறார்கள், அவர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அது நிற்கிறது என்று எனக்கு விளங்கியது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வந்து சேர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. இடையிடையே பிழையான கட்டையிலும் விரல் விழுந்தது, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. சத்தம் மெலிந்து மெலிந்து போகிற இடத்தில் அது எங்கே முடிந்தது, எங்கே அறையின் அமைதி தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. உண்மையாகவே வடிவுதான். அது வடிவாக இருந்ததுதான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

நிஹாறா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். ஹனாகூட போனை எடுக்கவில்லை.

பிறகு உம்மாவும் மகளும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் அவரும் தனித்திருந்தோம். அவர் என் பக்கம் குனிந்து, "உங்களைப் பார்த்தால் எனக்குப் பெரிய பொறாமை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

என் காது எனக்கே பிழையாகக் கேட்கிறது என்று நினைத்தேன்.

"எந்த நாளும் வேலை முடிந்து வருகிறீர்கள். உங்கள் மனைவி உங்களுக்கு ஒரு கதை சொல்கிறார். அப்படியொரு வாழ்க்கை எனக்குக் கிடைக்கவில்லை."

கதையா என்று கேட்டேன். அவர் விளக்கினார். முன்பொரு நாள் வேலியோரமாக நிஹாறாவைக் கண்டு, ஐந்து மணிக்கு மகளோடு தேநீருக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். அவள் மறுத்திருக்கிறாள். ஐந்து மணிக்குக் கணவர் வருவார், அவர் வந்தால் நான் அவருக்கு ஸ்டோரி, எவ்ரி டே ஸ்டோரி என்றாளாம்.

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. நம்மூரில் பேசுவதற்கு வேறு சொல் ஏது? கதைக்கிறோம். போனில் கதைக்கிறோம், சண்டைபிடித்தால் கதைக்காமல் இருக்கிறோம். அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கிவைத்துவிட்டாள். இந்த மனிதர், ஒரு பெண் அன்றாடம் கணவனை இருத்தி வைத்து அரசன், அரசி, பூதம் என்று கதை சொல்வதாக நம்பியிருக்கிறார். வெண்டிக்காய் முற்றின கதை!

திருத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "எனக்குச் சொல் ஒன்றும் விளங்காது. ஆனால் அந்தக் குரல் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே எதையோ சொல்லாமல் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கதை முடியும்வரை பியானோவைத் தொடமாட்டேன். முடிந்த பிறகு அந்தக் குரல் மாதிரி வாசித்துப் பார்ப்பேன். எனக்கு வாசிக்கப் பழக்கிய ஆசிரியை, வலது கை பேசவேண்டும், கடிகாரம் பார்த்து யாரும் பேசுவதில்லை என்பார். சின்ன வயதில் அது எனக்குப் பிடிபடவில்லை. இந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்துதான் பிடிபட்டது."

சிரிப்பு நின்றுவிட்டது. நிஹாறா கலங்கிக் கலங்கிக் கேட்பது அவளுடைய குரலைத்தான். அது அவளுக்குத் தெரியாது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். எனக்கு வந்ததோ வேறு: இந்த ஆள் இத்தனை காலமாக என் மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

6

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் பாலமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஒரு பெட்டியோடு போனவன். எங்கள் அறைக்கு அடுத்த அறையில் அவளுடைய ராத்தா, அதற்கடுத்து மாமாவும் மாமியும். நிஹாறா என்னோடு கதைத்ததெல்லாம் கிசுகிசுதான். "மெல்ல, மெல்ல, அவங்களுக்குக் கேக்கும்" என்று என் வாயைப் பொத்துவாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதை நான் லெஸ்டருக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். இங்கே யாருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் அவள் வாய்விட்டுக் கதைத்தாள், ஏறினாள், இறங்கினாள், கைகொட்டிச் சிரித்தாள். அந்தக் குரல் எனக்கு மட்டுமே சொந்தம் என்று இருந்தேன்.

ஆகவே அடுத்த நாள் வேலையால் வந்ததும் மேசையை இழுத்துக்கொண்டுபோய் முன்னறையில் போட்டேன். முன்னறைக்கும் ஆர்தரின் சுவருக்கும் இடையில் நடைபாதை இருக்கிறது.

"என்னத்துக்கு இப்ப மேசய இழுக்கிறீங்க?"

"இஞ்ச வெளிச்சம் நல்லம்."

நிஹாறா முன்னறைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி குடித்தோம். ராத்தா கோல் எடுத்தா என்றாள், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தெருப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் இருக்கிறவள் மாதிரி இருந்தாள். அன்றைக்குப் பியானோ சத்தம் இல்லை.

அடுத்த நாளும் இல்லை. நிஹாறா குசினிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். சுவரோடு காதை வைத்துப் பார்த்தாள். "ஆளுக்கு வருத்தம் காய்ச்சலோ தெரியா. தனிய இரிக்கிற மனிசன்." ஹனாவை அனுப்பினாள். ஹனா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவர் நல்லாத்தான் இருக்கார் உம்மா. பியானோக்கு முன்னால சும்மா இருக்கார். என்ன எண்டு கேட்டேன், வெயிட் பண்றாராம்" என்றாள்.

"ஆருக்கு வெயிட் பண்றாராம்?"

"சொல்லல்ல."

எனக்குத் தெரியும். அவளுடைய குரலுக்குத்தான். நிஹாறா அன்றைக்கு இரண்டு கவளத்துக்குமேல் சாப்பிடவில்லை. என்னோடும் கதைக்கவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் சொன்னாள். அவளுடைய குரலை அந்த மனிதரிடமிருந்து பிடுங்கி என் அறைக்குள் கொண்டுவந்து பூட்டிவிட்டேன், அந்த அறைக்குள் குரலே இல்லை.

7

மறுநாள் மேசையைத் திரும்பவும் குசினிக்கு இழுத்தேன். அவளுடைய கதிரையைச் சுவரோடு முட்டவைத்துப் போட்டு, அவளைப் பிடித்து அதில் இருத்தினேன். போனை எடுத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

"ஒங்களுக்கு என்ன பிடிச்சிருக்கி? இழுக்கிறதும் வெக்கிறதும்!"

"இரி. இண்டைக்கு என்ன நடந்த?"

"என்ன நடக்க? ஒண்டுமில்ல."

"ராத்தா கோல் எடுத்தாவா?"

"ஓம், எடுத்தா." என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தாள். "அவட பக்கத்து வளவுக்காரன் மதில் கட்டுறானாம். ராத்தாட முருங்கையில ஒரு கொப்பு அங்கால நீட்டிக்கிட்டு நிக்கிதெண்டு..."

"எண்டு?"

"வெட்டிப் போட்டானாம்! காய்ச்ச கொப்ப! ராத்தா சும்மா இரிப்பாவா, நேர போய்..."

குரல் ஏறியது. ராத்தா போனதும், வளவுக்காரன் கதவைத் திறக்காததும், ராத்தா வாசலிலேயே குந்தியதும் வந்தன. ராத்தா அவனைப் பார்த்து என்ன சொன்னா என்று சொல்லவந்த இடத்தில் நிஹாறா நிறுத்தினாள். கண்ணை அகல விரித்து, என்னைப் பார்த்து, சொல்லாமல் வைத்திருந்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னாள். இருவரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மெல்லக் கதைக்கணும். சுவரோட ஒட்டி இரிக்கம், பக்கத்து வீட்டு ஆளுக்குக் கேக்கும்."

எனக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"கேக்கட்டும்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கதை."